திரைக்கு இந்தப் பக்கம்

ஷஃபான், கடைசி ஞாயிறு

காலையிலிருந்து கொளுத்துகிறது. மதியம் இருட்டிக்கொண்டு வந்து, நான் துணியெல்லாம் எடுத்து உள்ளே போட்ட பிறகு, மழை பெய்யாமல் போய்விட்டது.

நோன்புக்கு வீடு துடைப்பு. முன்னறை முடிந்தது. அடுப்படி பாதி. வீட்டுக்காரருடைய மார்க்கக் கிதாபு அலமாரியைத் தொடவில்லை. ஒரு கிதாபு ஒரு விரல் தள்ளியிருந்தாலும் கண்டுபிடித்து, பெரிய திருட்டு நடந்தது போல் வந்து நிற்பார்.

வாங்க: கஞ்சி அரிசி, வெந்தயம், பூண்டு, பேரீச்சம்பழம், அவருக்கு முட்டித் தைலம்.

எங்கள் சின்னப் பள்ளிவாசலான சூராவின் கமிட்டிச் செயலாளர் காதர் வந்தார். ஹஜ்ரத் இந்தச் சூராவில் இமாமாக நிற்பதைப் பாராட்டி ஒரு விழா மலர் போடப் போகிறார்களாம். பொன்னாடையும் உண்டாம். "அம்மா, ஹஜ்ரத்தப் பத்தி ஒரு பக்கம் நீங்கதான் எழுதித் தரணும். பொறந்தது, ஓதுனது, சேவ. அவர்கிட்ட கேட்டா சிரிச்சிட்டுப் போயிடுறாரு லா."

சரி என்றேன். புருஷனைப் பற்றி ஒரு பக்கம். ஒரு பக்கம் எழுதவும் முடியும், ஒரு வீடு நிறைய எழுதவும் முடியும்.

இதை எழுதத்தான் குறிப்பை எடுத்தேன், எங்கெங்கோ போகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து, நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதம் பிறந்தால், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே வேலை. அவர் மனப்பாடமாக ஓதுவார். நான் எதிரே குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு, வரியில் விரல் வைத்துப் பார்த்து வருவேன். தப்பினால் சொல்ல வேண்டும். நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹில் தினம் ஒரு ஜுஸ்வு, குர்ஆனில் முப்பதில் ஒரு பங்கு, ஓத வேண்டியவருக்கு இது இல்லாமல் முடியாது. இந்த வருஷம் இன்னும் கூப்பிடவில்லை.

இன்று நானே கேட்டேன். "என்னங்க, உக்காரலாமா?"

"உனக்கு வேல கெடக்கு ஜமீலா. நானே பாத்துக்கறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு ஈரத்தில் ஊதிப்போய் வருஷக்கணக்காகச் சாத்துவதே இல்லை. தோளால் இடித்துச் சாத்தினார்.

செவ்வாய்

சீனப் பெருநாள். பெர்மாஸ் ஜெயா முழுவதும் வெடிச் சத்தம். சிங்கப்பூர் வேலைக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருப்பதால் எங்கள் வரிசையில் கார் வைக்க இடமில்லை, ஒருவர் வாசலில் இன்னொருவர்.

பக்கத்து வீட்டுச் சரோஜா தன் முதலாளி கொடுத்த ஆரஞ்சுப் பழத்தில் பாதி கொண்டு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் ஓதுவது அந்தப் பக்கம் கேட்கும். சரோஜா அதைக் கேட்டுக்கொண்டேதான் காலையில் சாம்பார் தாளிப்பதாகச் சொல்வாள்.

"அக்கா, ஹஜ்ரத் ஐயாக்கு தொண்ட சரியில்லையா?"

"ஏன்?"

"இல்ல, முன்னெல்லாம் நிக்காம போகும். இப்ப கொஞ்சம் போயி, நின்னு, மறுபடி மொதல்லேந்து வருது. நான் சும்மா கேட்டேன்."

தொண்டைதான் என்றேன். நோன்பு பிறக்கும் நேரத்தில் ஒரு பொய்.

சாயங்காலம் மலருக்கு உட்கார்ந்தேன். காதர் கேட்ட மாதிரி:

பிறந்தது ராமநாதபுரம் பக்கம், கடலோரம். சின்ன வயதிலேயே தாய் இல்லை. மதரஸாவில் விட்டார்கள். அங்கேயே வளர்ந்து ஹாபிஸ் ஆனார். குர்ஆன் முழுவதும் மனப்பாடம். பிறகு ஆலிம் பட்டம். ஒரு பை, ஒரு டிரங்குப் பெட்டி கிதாபுகளோடு ஜொகூர் வந்தார். முதலில் பண்டார் தெங்காராவில், செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு கடைவீட்டு மாடியில் இமாம். லாரி ஓட்டுபவர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள். ஒரு வரிசை நிரம்பினால் அன்றைக்குப் பெருநாள் மாதிரி.

காதர் போட மாட்டார், ஆனால் நான் போட விரும்புவது:

இமாமாக நிற்க அனுமதிக் கடிதம் வேண்டும், நேர்காணல் மலாயில். இவர் மலாய் கற்றது பாசாரில் மீன்காரரிடம். கேட்ட மார்க்கக் கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் மீன் பேரம் பேசிய பழக்கதோஷத்தில், "இன்னும் குறைக்கலாமா, அபாங்" என்று முடித்தாராம். அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

பொந்தியானில் எங்கள் மளிகைக் கடைக்குப் பெண் பார்க்க வந்தபோது என் முகத்தைப் பார்த்ததைவிட என்னைப் பெற்ற அத்தாவின் அலமாரியிலிருந்த பழைய கிதாபுகளைத்தான் அதிகம் பார்த்தார். நான் தேநீர்த் தட்டோடு நிற்கிறேன், இவர் ஒரு கிதாபைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறார்.

கல்யாணம் முடிந்த முதல் வாரம் குர்ஆனை என் கையில் கொடுத்து, "நான் ஓதறேன், தப்பினா சொல்லு" என்றார். ஒரு தப்பு கண்டுபிடித்துவிட்டேன். "தப்பு!" என்று கத்தினேன். "சொல்லு. ஆனா இவ்ளோ சந்தோஷமா சொல்லாத" என்றார். அன்றைக்குத்தான் இந்த மனிதரோடு வாழ்ந்துவிடலாம் என்று தோன்றியது.

புதன்

பிறை அறிவித்துவிட்டார்கள். நாளை நோன்பு. இன்று முதல் தராவீஹ்.

கிளம்பும் முன் வளையல் இரண்டையும் கழற்றி ஜன்னலில் வைத்தேன். வருஷா வருஷம் ரமலானில் இப்படித்தான். எப்போதோ ஒரு தடவை இவர், "நீ சுஜூதுல நெத்திய வைக்கறதுக்கு முன்னாடி உன் வளையல் போயிடுது" என்று கேலி செய்தார். அதிலிருந்து சூராவில் வளையல் போடுவதில்லை.

பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். என் பக்கத்தில் வழக்கம் போல் மைமூன். திரைக்கு அந்தப் பக்கம் இவர் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். குரலில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குரலுக்காகவே தாமான் தாண்டி, அடுத்த குடியிருப்புகளிலிருந்தும் வருகிறார்கள்.

தொழுகையின் நாலாவது ரக்அத்தில் தப்பினார்.

ஓதாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. மூசா நபி கதை குர்ஆனில் பல இடங்களில் வரும். சில வரிகள் அச்சாக ஒன்று போலவே இருக்கும், அடுத்த வரியில்தான் பிரியும். பிரியும் இடத்தில் கவனம் தப்பினால் ஒரு அத்தியாயத்தில் ஏறி இன்னொரு அத்தியாயத்தில் இறங்கிவிடுவோம். பொந்தியான் பஸ் என்று ஏறிக் கூலாயில் இறங்குவது மாதிரி. ஓதுபவருக்கே தெரியாது, அத்தனை சரளமாகப் போகும். ஹாபிஸ்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

அதற்குத்தான் முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால், இன்னொரு ஹாபிஸ் நிற்பார். தப்பினால் சரியான வரியை எடுத்துக் கொடுப்பார். எங்கள் சூராவில் அது நஸீர். துணை இமாம். பகலில் சிங்கப்பூரில் வேலை, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வியர்வையோடு இரவு இஷா தொழுகைக்கு வந்து நிற்கிறவர். நல்ல ஓதல். நஸீருக்கு நிக்காஹ் ஓதி வைத்ததும் என் வீட்டுக்காரர்தான்.

நஸீர் எடுத்துக் கொடுப்பார் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை. இவர் வேறு அத்தியாயத்தை ஓதிக்கொண்டே குனிந்து ருகூவுக்குப் போய்விட்டார்.

ஸலாம் கொடுத்ததும் மைமூன்: "இந்த வருஷமும் தேன் மாதிரிதான் ஜமீலாக்கா."

வீட்டுக்கு வந்ததும் இவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஒரு எடத்துலயும் யாரும் எடுத்துக் குடுக்கல. அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பால் காய்ச்சுகிறேன் என்று அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

ரமலான் 2, வெள்ளி

புழுக்கம். நோன்பு சுகமாகத்தான் போகிறது, வயிறு தவிர மற்றதெல்லாம் கனக்கிறது.

நேற்று இரண்டு இடம். ஒன்றில் தடம் மாறினார். இன்னொன்றில் நாலைந்து வரி விட்டுப் போயிற்று. நஸீர் வாயே திறக்கவில்லை.

முன்பெல்லாம் ஒரு வரி விட்டுப் போனது தெரிந்தால் இவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் அந்த வரியைத் தேடிப்போய் ஓதிவிட்டுத்தான் மேலே போவார். முழுதாக ஓதி முடிக்கிறோம் என்று ஜமாஅத்துக்குக் கொடுத்த வாக்கு, அதில் ஓட்டை இருக்கக்கூடாது என்பார். இப்போது ஓட்டை மேல் ஓட்டை, அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நஸீர் கஞ்சி வாங்க வந்தார். தூக்குச்சட்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன். "ஏன் நஸீர் எடுத்துக் குடுக்கல?"

"எந்த எடம்மா?"

"உங்களுக்குத் தெரியும்."

தலையைக் குனிந்துகொண்டார். "அந்த எடத்துல நானே கொழம்பிட்டேன்."

"மூணு எடத்துலயுமா?"

தூக்குச்சட்டியை வாங்கக் கை நீட்டி, இறக்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "எப்படிம்மா வாய் வரும்? எங்கத்தா மௌத்தாப் போனப்ப குளிப்பாட்டுனதுலேந்து கப்ருல வைக்கிற வரைக்கும் கூட நின்னாரு. அவரு பின்னாடி நின்னு, நீங்க தப்புன்னு நான் சொல்றதா? ஜனங்களுக்குத் தெரியலம்மா. அல்லாஹ் மன்னிப்பான். இந்த வருஷம் நல்லபடியா முடியட்டும், பொன்னாட போடப் போறாங்க..."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம். கோபப்படவும் முடியவில்லை. கஞ்சியைக் கொடுத்து அனுப்பினேன். வடையும் நாலு வைத்தேன்.

ரமலான் 4, ஞாயிறு

மழை. ஓட்டை வாளி நிரம்பும் அளவுக்கு.

மகள் ருகையா பொந்தியானிலிருந்து வந்தாள், நோன்பு திறக்க. அத்தாவைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்த முர்தபா ரொட்டி, அவருக்குப் பிடிக்காத மருந்து எல்லாம் எடுத்து வைத்தாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவளிடம் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட காட்டணும்மா. நீங்க அத்தாகிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"நான் எப்படி? நீங்கதான் தெனமும் கூட இருக்கீங்க."

"நீதான் செல்லப் பொண்ணு."

இப்படியே மாறி மாறித் தள்ளிக்கொண்டிருந்தோம், அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "என்ன ரகசியம்?" என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில், "ஒண்ணுமில்ல." இத்தனை நாளில் அம்மாவும் மகளும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

மலருக்கு இன்னும் கொஞ்சம்:

இந்தச் சூராவில் முதலில் பெண்களுக்கு இடம் கிடையாது. இவர் வந்த புதிதில் ஒரு மூலையைத் திரை போட்டுத் தடுக்க வேண்டும் என்றார். ஊரில் வழக்கமில்லை, இங்கே எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கூச்சல். இவர் கூச்சல் போடவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, கிதாபை விரித்துக் காட்டி, அவர்கள் வீட்டுத் தேநீரைக் குடித்து, மெல்ல மெல்லச் சம்மதிக்க வைத்தார். திரைத் துணி நான் தைத்தது. பச்சை. இப்போது வெளுத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாது.

திரை போட்ட முதல் வாரம் பெண்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். இமாம் தவறினால் ஆண்கள் "சுப்ஹானல்லாஹ்" என்று குரல் கொடுக்க வேண்டும். பெண்கள் குரல் கொடுக்கக் கூடாது, வலது கை விரலால் இடது கையின் மேல்புறத்தில் தட்ட வேண்டும். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. மைமூன், "ஹஜ்ரத்தாவது தப்பறதாவது" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை யாரும் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன்.

ரமலான் 6, செவ்வாய்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, நல்ல மனநிலையில் இருந்தார். தட்டில் கடைசி வடை. வழக்கம் போல் பிய்த்துப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.

"என்னங்க, நேத்து ரெண்டாவது ரக்அத்துல..."

"என்ன?"

நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் சட்டென்று ஒரு பயம். இவரிடம் நான் பார்த்தே இராத பயம். பரீட்சை முடிவு கேட்கப் போகிற பிள்ளை மாதிரி.

"... ஃபேன் ரொம்பச் சத்தம் போட்டுச்சு" என்றேன்.

"அப்படியா" என்று மூச்சு விட்டார். உடனே காதருக்குப் போன் போட்டு, பெண்கள் பக்கம் ஃபேனுக்கு எண்ணெய் விடச் சொன்னார். தராவீஹுக்குள் விட்டும்விட்டார்கள். சத்தமே இல்லை இப்போது.

மைமூன்: "அலமாக், இந்த ஃபேன் எத்தன வருஷமா கத்துது. நீங்க ஒரு வார்த்த சொன்னதும் சரியாயிடுச்சு பாத்தீங்களா."

ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள் நான். அழுகை வந்தது. கூடுதலாக ஸுன்னத் தொழுகை தொழப்போவதாக எழுந்துவிட்டேன்.

ரமலான் 9, வெள்ளி. சஹருக்குப் பிறகு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நேற்றுச் சூராவில் எல்லாருக்கும் கஞ்சி எங்கள் முறை. கிண்டி, ஊற்றி, சட்டி கழுவி, ஓட்டமும் நடையுமாய்ப் போய் வரிசையில் நின்றேன். வளையலைக் கழற்ற மறந்துவிட்டேன். தக்பீர் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

நேற்று ஒன்பதாம் ஜுஸ்வு. எகிப்து அரசன் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் மூசா நபியிடம் வரும் இடம். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். எங்கள் குர்ஆனில் அந்த வரியின் ஓரத்தில் நான் பென்சிலால் போட்ட ஒரு கோடு உண்டு, புதுப்பெண்ணாக இருந்தபோது போட்டது. இளமையிலும் இவருக்கு அது வழுக்கும் இடம். அங்கே வரும்போது நான் தொண்டையைச் செருமுவேன், இவர் சிரித்துக்கொண்டே சரியாகத் திரும்புவார்.

நேற்று திரும்பவில்லை. வேறு அத்தியாயத்துக்குள் போனார். அங்கே அதே கதை, அதே போன்ற வரி, அதைப் பிடித்துப் பழைய இடத்துக்கே வந்தார். மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார். சுற்றிக்கொண்டே இருந்தார். குரல் அதே அழகு. ஆனால் மூன்றாவது தடவை அந்த வரி வந்தபோது குரலின் அடியில் ஒரு நடுக்கம் கேட்டது. வழி தெரியவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. வெளியே வர முடியவில்லை.

யாரோ இருமினார்கள். கால் மாற்றி நின்றார்கள். நஸீர் பேசவில்லை. அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள், என் மனிதர் தனியாக முன்னால் நின்று தொலைந்துபோய்க்கொண்டிருக்கிறார், மரியாதைக்காக ஒருவரும் கூப்பிடவில்லை.

தட்டினேன்.

முதல் தட்டு எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை பலமாகத் தட்டினேன். வளையல் இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. பழைய ஃபேனாக இருந்தால் அமுக்கியிருக்கும்.

ஓதல் நின்றது.

யா அல்லாஹ், இந்த மனிதரை நான் ஊர் நடுவே அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஸீரின் குரல். உடைந்த குரல். சரியான வரி.

இவர் வாங்கிக்கொண்டார். ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்து, பிறகு ஓதினார். அதன் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் நஸீர் எடுத்துக் கொடுத்தார். தொழுகை முடிந்தது.

மைமூன் என்னைப் பார்க்கவே இல்லை. முசல்லா விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது மோட்டாரை ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தார். நான் பக்கத்தில். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். நானும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தூங்கவில்லை இரண்டு பேரும்.

விடியலுக்கு முன் சஹருக்கு எழுந்து சோறு வைத்தேன். ஒரு வாய் எடுத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன நாளா?"

"மொத நாள்லேந்து."

"நஸீருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேற?"

"ருகையாகிட்ட சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது."

சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "வீட்டுல மறக்குதுன்னு எனக்குத் தெரியும் ஜமீலா. அதான் கதவச் சாத்துனேன். நீ பாக்கக் கூடாதுன்னு. ஆனா அங்க போயி நின்னா யாருமே எடுத்துக் குடுக்கல. சரி, வீட்டுலதான் மறக்குது, தொழுகையில நின்னா அல்லாஹ் காப்பாத்திக் குடுக்கறான்னு நெனச்சேன். தெனமும் அழுது ஷுக்ர் செஞ்சேன்."

நான் அழுதுவிட்டேன். இந்த மனிதர் தினமும் எதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே தட்டியிருப்பேன். இல்லை, தட்டியிருக்கவே மாட்டேனோ. தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றேன். "எல்லார் முன்னாடியும்..."

"நான் சொல்லிக் குடுத்ததத்தான செஞ்ச." சோற்றைப் பிசைந்தார். "எப்ப சொல்லிக் குடுத்தேன்! ஒருத்தியாவது ஞாபகம் வச்சிருக்கியே."

"நான்தான்னு எப்படித் தெரியும்? திரும்பிக்கூட பாக்க முடியாதே."

"வளையல் சத்தம் கேட்டுச்சு. இத்தன வருஷம் கேட்ட சத்தம். அது மறக்கல."

பாங்கு சொல்லிவிட்டார்கள். அவர் பாதிகூடச் சாப்பிடவில்லை.

ரமலான் 10, சனி

மேகமூட்டம். கொடியில் துணி.

காலையில் நஸீரையும் காதரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நோன்பு, தேநீர் கொடுக்கவும் வழியில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில். எல்லாம் கேட்டது.

நஸீர் தான் செய்தது தப்பு என்று ஆரம்பித்தார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க எனக்கு மரியாத குடுத்தீங்க. ஓதுற வசனத்துக்கு யாரு குடுப்பா?"

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நஸீர் வெகுநேரம் அழுததாகத் தெரிகிறது. இவர் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முடிவு இதுதான். இனி தராவீஹ் நஸீர். முதல் நாலு ரக்அத்தும், கடைசி வித்ர் தொழுகையும் மட்டும் இவர். இதுவரை விட்டுப்போன இடங்களை நஸீர் தனியாக ஓதிச் சேர்த்துவிடுவார். இவர் தப்பினால் அந்த நிமிஷமே எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் நிற்க வேண்டாம்.

காதருக்குத்தான் கவலை. "ஹஜ்ரத், ஜனங்க என்ன நெனப்பாங்க? மலரு, பொன்னாட எல்லாம் ஓடர் குடுத்தாச்சு."

"போடுங்க, நல்லாப் போடுங்க. பொன்னாடைய நஸீருக்குப் பாதி கிழிச்சுக் குடுங்க."

"அது எப்படி லா ஹஜ்ரத்?"

இவர் சிரித்தார். அடுப்படியில் நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது.

காதர் போகும்போது என்னிடம் ரகசியமாக: "நீங்க எழுதுறதுல இது வேணாம்மா."

மலருக்குக் கடைசி வரி எழுதிவிட்டேன்: இந்தச் சூராவில் இமாமைத் திருத்தும் உரிமையைப் பெண்களுக்கும் வாங்கிக் கொடுத்தவர் இவர். போடுவதும் போடாததும் காதர் பாடு.

ரமலான் 12, திங்கள்

காலையில் நல்ல மழை, மதியம் வெயில். ருகையா கிளினிக்குக்கு நாள் வாங்கிவிட்டாள். போனில் அவளே அத்தாவிடம் சொன்னாள். "சரிம்மா, வர்றேன்" என்று ஒரே வார்த்தை. இதற்கா நாங்கள் இரண்டு பேரும் அத்தனை பாடுபட்டோம்.

கிளினிக்கில் என்ன சொல்வார்களோ. மனதில் அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. குர்ஆனை மறந்துவிட்டு இந்த மனிதர் எப்படி இருப்பார்? எனக்கு அதுதான் பயம். என்னை மறந்தால்கூடப் பரவாயில்லை என்று எழுத வந்தேன். பொய். பரவாயில்லாமல் இல்லை.

வாங்க: சர்க்கரை, பச்சைப் பயறு, கதவுக்கு உப்புத்தாள். தச்சரைக் கூப்பிட வேண்டாம், தானே தேய்க்கிறேன் என்கிறார். யா அல்லாஹ்.

அஸருக்குப் பிறகு, "ஜமீலா, வா" என்றார். கதவு திறந்திருந்தது. எதிரே உட்கார்ந்து குர்ஆனை விரித்தேன். இன்றைக்கு ஓத வேண்டியது கொஞ்சம்தான், ஆனாலும் இரண்டு இடத்தில் நின்றார். இரண்டாவது இடத்தில் நான் என்னையறியாமல் கையைத் தட்டிவிட்டேன்.

"தொழுகையிலயா இருக்கேன்? வாயால சொல்லேன்."

சொன்னேன். அதிகச் சந்தோஷம் இல்லாமல்தான் சொன்னேன். அவருக்கும் அந்தப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும், மீசைக்குள் சிரித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா: "அக்கா, தொண்ட சரியாயிடுச்சா?"

"பரவால்ல சரோஜா. மெதுவாத்தான் போகும்."

"மெதுவாப் போனா என்ன, கேக்க நல்லாத்தான் இருக்கு."

இஷாவுக்குக் கிளம்பினோம். வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். தொழுகைத் துணியை எடுத்துக்கொண்டு, கேட்டைப் பூட்டி, மோட்டாரில் பின்னால் ஏறி அவர் தோளில் கை வைத்தேன். கிளப்பப் போனவர் குனிந்து என் கையைப் பார்த்தார்.

"வளையல் எங்க?"

"கழட்டி வச்சிட்டேன். எப்பவும் கழட்டறதுதான்."

மோட்டாரை அணைத்தார்.

"போயி போட்டுட்டு வா. நான் நிக்கிறேன்."